கண்ணாடிக்கு முன்னால் ஒரு கண்ணாடி

புது லென்ஸ் வாங்கினால் பில் போடும் முன் கடைக்காரர் கேட்பார்: "யூவி ஃபில்டர் ஒண்ணு போட்டுடலாமா சார்?" பெரும்பாலும் தலையாட்டிவிடுவோம். லென்ஸ் விலைக்கு முன்னால் அது சில்லறைக் காசுதான். ஆனால் இன்றைய கேமராவில் அந்த வட்டக் கண்ணாடிக்கு என்ன வேலை என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பதில் வரும்.

எனக்கு அதன் கதை அப்பா வழியாகத் தெரியும். திண்டுக்கல்லில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். சீசனில் கொடைக்கானல் போய், கோக்கர்ஸ் வாக்கில் புதுமண ஜோடிகளை ஃபிலிமில் எடுப்பார். ஏறக்குறைய 400 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. ஃபிலிமில் இருக்கும் வெள்ளி உப்புக்குத் தெரியும். 1,000 மீட்டர் மேலே போனால் புற ஊதா சுமார் 10 விழுக்காடு கூடும். கொடைக்கானலோ 2,100 மீட்டர். நேரில் பளிச்சென்று தெரிந்த தூரத்து மலை, பிரிண்டில் நீல மூட்டத்தோடு வந்து நிற்கும். "கண்ணு பாக்காததையும் ஃபிலிம் பாத்துரும்டா. அதுக்குத்தான் இது" என்பார். அவருடைய 52 எம்எம் ஃபில்டர் நிஜமாகவே உழைத்தது.

டிஜிட்டலில் அந்த வேலை போய்விட்டது. சென்சாருக்கு முன்னாலேயே புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கிற கண்ணாடி பொருத்தித்தான் கேமரா வருகிறது. லென்ஸ் கண்ணாடிகளும் தம் பங்குக்கு உறிஞ்சிவிடுகின்றன. ஆக, இன்று நாம் வாங்குவது பெயரளவில் யூவி. உண்மையில் ஒளி புகும் மூடி. தனுஷ்கோடியில் உப்புக் காற்றும் மணலும் அடிக்கும்போது அந்த மூடி வேண்டும். துடைத்துத் துடைத்துக் கீறல் விழுந்தால் அதைத்தான் மாற்றுவோம், லென்ஸை அல்ல.

அதற்கும் ஒரு விலை உண்டு. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் ஏறக்குறைய 4 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்பும். முன்னும் பின்னும் சேர்த்தால் 8. நல்ல மல்டிகோட்டிங் இருந்தால் வெகுவாகக் குறையும். பகலில் இது கண்ணில் படாது. திருவிழா ராத்திரியில் பாருங்கள்: கோபுரத்துச் சீரியல் பல்புகள் கறுப்பு வானத்தில் தலைகீழாக, பச்சைப் பூச்சிகள் மாதிரி மிதக்கும். அதனால் கடற்கரையில் மாட்டுவேன், இரவில் கழற்றிவிடுவேன்.

அப்பாவின் கண்ணில் இருந்ததைத்தான் யாராலும் கழற்ற முடியவில்லை.

நம் விழிலென்ஸே ஒரு யூவி ஃபில்டர். வயதாக ஆக அது மஞ்சளாகிப் பழுப்பேறும். நீலத்தையும் தடுக்கத் தொடங்கும். கடை நடத்திய கடைசி வருடங்களில் அப்பா கம்ப்யூட்டரில் கலர் கரெக்‌ஷன் செய்த இரண்டு கல்யாண ஆல்பங்கள் திரும்பி வந்தன. "எல்லாம் நீலம் பாய்ஞ்சு கெடக்கு" என்றார்கள். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. சண்டை போட்டார். பிறகு ஷட்டரை இறக்கிவிட்டார்.

ஓவியர் மோனேவுக்கு 1923இல் கண்புரை அறுவை நடந்தது. அதன்பின் எல்லாம் நீலமாகத் தெரிவதாகப் புலம்பினார். நிறக் கண்ணாடி போட்டுக்கொண்டார். விழிலென்ஸை எடுத்துவிட்டால் சிலருக்குப் புற ஊதாவின் ஓரமும் கொஞ்சம் தெரியும். இன்று பொருத்துகிற செயற்கை லென்ஸில் அதைத் தடுக்கும் பொருளும் பொதுவாகக் கலந்திருக்கும். இதைச் சொன்னபோது அப்பா சிரித்துவிட்டார்: "அப்ப உள்ளயே ஃபில்டர் போட்டு அனுப்பிட்டாங்கன்னு சொல்லு!"

கட்டுப் பிரித்த மறுநாள் கூடத்தில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது வெள்ளையாடா? நான் க்ரீமுன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்." கொஞ்ச நேரம் கழித்து, திரும்பி வந்த ஆல்பங்களில் ஒன்றைப் பரணிலிருந்து எடுக்கச் சொன்னார். மணப்பெண்ணின் முகத்தில் பக்கம் பக்கமாக விரலை வைத்துப் பார்த்தார்.

"நீலந்தான்" என்றார்.

அதற்குமேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இப்போது என் ஆல்பங்கள் அச்சுக்குப் போகும் முன் அவரிடம் போகின்றன. நிறத்தில் அவர் சொல்வதுதான் முடிவு.