தன்னையே பிறவெனக் கொண்ட உடல்

இவ்விழா மலருக்கு இலக்கியக் கட்டுரை ஒன்று தருமாறு மலராசிரியர் எம்மைக் கேட்டிருந்தார். தமிழாசிரியரிடம் வேறெதைக் கேட்பார்? நாமும் இசைந்தோம். ஆயின் எழுத அமர்ந்த பொழுதெல்லாம், சில ஆண்டுகளாக எம் நெஞ்சை விட்டு நீங்காத பொருள் ஒன்றே முன்வந்து நின்றது. அஃது ஒரு நோயைப் பற்றியது. கல்லூரி நாட்களிலே உயிரியற் கூடத்தின் வாயிலை மிதித்தறியாத கலைப்பிரிவு மாணவராகிய நாம் இதனை எழுதப் புகுவது அக்காலத் தோழர் சிலருக்கு நகைப்பை விளைக்கலாம். நகைக்கட்டும், பிழை கண்டால் திருத்தட்டும்.

எமக்குத் தமக்கையார் ஒருவரே. 2018ஆம் ஆண்டு ஏப்பிரல் விடுமுறையிற் குடும்பமாக நுவரெலியா சென்றிருந்தோம். விடியற்காலையிற் குழாய் நீரில் முகங்கழுவி வந்தவர் தம் விரல்களை எம்மிடம் நீட்டிக் காட்டினார். இரு விரல்கள் நுனியிலிருந்து இரண்டாங் கணுவரை வெண்கட்டி போல வெளிறிக் கிடந்தன. சற்று நேரத்தில் அவற்றில் நீலம் பாய்ந்தது. பின்பு சிவந்து பழைய நிலையை அடைந்தன. மலைநாட்டுக் குளிர் என்று சொல்லிச் சிரித்துவிட்டோம். அச்சிரிப்பை இன்று நினைத்தால் எமக்கு நாணமாக இருக்கின்றது.

ஊர் திரும்பிய பின்னரும், பனிக்கட்டியைத் தொட்டால் அதே வெளிறல் நேர்ந்தது. பின்னர் விரல்கள் வீங்கின. மோதிரத்தைப் பத்தர் அரம் கொண்டு அறுத்தே எடுக்க நேர்ந்தது. வீக்கம் வற்றியபின் தோல் பளபளத்து இறுகி எலும்போடு ஒட்டிக்கொண்டது. வாய் முன்போல அகலத் திறக்கவில்லை. விழுங்கிய சோறு நெஞ்சில் நின்றது. வைத்தியர் ஒருவர் இதனை மூட்டுவாதமெனக் கொண்டு ஒன்றரை ஆண்டு மருந்து கொடுத்தார். அவரையும் நாம் முற்றாகக் குறைகூறோம். அரிதாகக் காணப்படும் நோய் இது. அதற்குள் ஊர்வாய் தன் தீர்ப்பை வழங்கிவிட்டது. முன்வினை என்றனர் சிலர், செய்வினை என்றனர் சிலர். எம் அன்னையாரோ, பிள்ளையைச் சுமந்திருந்த காலத்தில் தாம் பத்தியம் பிழைத்ததுதான் காரணமோ என்று எழுபத்தைந்து வயதிலே கலங்கத் தொடங்கினார்.

தமக்கையார் எம்மிடம் கேட்டவை இரண்டே கேள்விகள். "தம்பி, நான் என்ன பிழை விட்டனான்?" என்பது ஒன்று. "இது பிள்ளைக்கும் வருமோ?" என்பது மற்றொன்று. பிள்ளை என்றது பதினான்கு வயது மகளை.

எம்மோடு ஒரே வாங்கிலிருந்து படித்துப் பின்பு உயிரியற் பிரிவுக்குச் சென்ற தோழர் ஒருவர் இன்று வைத்தியராக இருக்கிறார். அவரிடம் இவ்விரு கேள்விகளையும் கொண்டு சென்றோம். அவர் ஒரு கட்டுக் கட்டுரைகளைத் தந்து, "வாசித்துவிட்டு வா, பிறகு பேசுவோம்" என்றார். விடுதிச்சாலையிற் கணக்கு விளங்காத இரவுகளிலும் அவர் இவ்வாறே செய்வார். அகராதியும் கலைச்சொற்றொகுதியும் துணையாக, ஆறு மாதம் வாசித்தோம்.

நோயின் பெயர் ஸ்கிளரோடேர்மா. கிரேக்க மொழியில் வன்மை, தோல் என்னும் இரு சொற்களின் கூட்டு. வன்தோல் என்று தமிழ்ப்படுத்தலாம். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரிலே கார்லோ கூர்சியோ என்னும் வைத்தியர், தோல் மரம்போல இறுகிய பதினேழு வயதுப் பெண்ணொருத்தியைப் பற்றி 1753இல் எழுதிய நூலே இதன் வரலாற்றின் தொடக்கமாகச் சொல்லப்படுகின்றது. அப்பெண்ணுக்கு வந்தது இந்நோய்தானா என்று பிற்காலத்தார் ஐயுறுவர். பெயரிட்டவர் பிரான்சியராகிய ஜின்ற்றாக், ஆண்டு 1847. குளிரில் விரல் வெளிறுதலை 1862இற் பாரிசில் ஆராய்ந்து எழுதியவர் மோரிஸ் றேனோ. நுவரெலியாவில் நாம் கண்டது அவர் பெயராலேயே இன்றும் வழங்குகின்றது. தோலோடு நில்லாது சுவாசப்பை, களம், இருதயம், சிறுநீரகம் ஆகிய உள்ளுறுப்புக்களையும் இது பற்றுவதால், உடற்றொகுதி முழுவதற்கும் உரிய வன்மையென 1945இல் கேப் ரவுனிலிருந்து கெற்ஸ் என்பவர் பெயரை விரித்தார்.

பெயர் பெரிதாயிற்று; காரணம் விளங்கவில்லை. எம்மைத் தடுத்து நிறுத்திய சொல் ஒன்றும் இவ்விடத்தேதான் வந்தது. நுண்ணுயிர் முதலிய அயற்பொருள் உடலிற் புகுந்தால் அதனை எதிர்க்க உடல் ஆக்கும் புரதத்துக்குப் பிறபொருளெதிரி என்று நம் நாட்டுக் கலைச்சொல்லாக்கக் குழுவினர் பெயரிட்டனர். அழகிய சொல். ஆயின் இந்நோயிலே அப்பிறபொருளெதிரி தன்பொருளை எதிர்க்கின்றது! தன்வினை, பிறவினை என்று கரும்பலகையில் ஆண்டுதோறும் எழுதி வருகின்ற எமக்கு, தன்னையும் பிறவற்றையும் வேறுபிரித்தறியாது உடலே மயங்கும் இந்நிலை திகைப்பைத் தந்தது. அம்மயக்கம் எவ்வாறு நேர்கின்றது என்பதே ஆராய்ச்சியாளர் கேட்கும் கேள்வி.

அவர்கள் கண்டவற்றை எமக்கு விளங்கிய அளவிற் சொல்வோம். நுண்ணிய குருதிக்கலன்களின் உட்சுவர் முதலிற் காயமடைகின்றது. காயமுற்ற சுவர், கலனைச் சுருக்கும் எண்டோதீலின் என்னும் பொருளை மிகுதியாகச் சுரக்கின்றது. விரல் வெளிறுதல் இதனோடு தொடர்புடையது. அவ்விடத்திலே நிர்ப்பீடனக் கலங்கள் வந்து கூடுகின்றன. உருமாற்ற வளர்ச்சிக் காரணி பீற்றா முதலிய ஏவற் பொருள்கள் வெளிப்பட, நாரரும்பர்க் கலங்கள் விழித்தெழுந்து கொலாசன் என்னும் நார்ப்புரதத்தை இழைக்கத் தொடங்குகின்றன. ஒருவர்க்குக் கத்தி வெட்டிய புண் ஆறுவதும் ஏறக்குறைய இவ்வழியாலேயே. ஆனால் அங்கே புண் ஆறியதும் வேலை நிற்கும்; இங்கே நிற்பதில்லை. வேலி அடைக்க வந்தவன் பொட்டை அடைத்தபின் படலையையும் அடைத்து, கிணற்றடிப் பாதையையும் அடைத்து, ஈற்றில் வீட்டு வாயிலிலும் கதியால் நாட்டினால் எப்படியிருக்கும்? தமக்கையாரிடம் இவ்வுவமையைச் சொன்னபோது அவர் தம் விரல்களை நெடுநேரம் பார்த்தவாறிருந்தார்.

முதற் காயத்தை விளைப்பது யாது? தொழிலை நோக்கினர் சிலர். எடின்பரோவில் பிரம்வெல் என்பவர் 1914இல் கற்றச்சரிடையே இந்நோயைக் கண்டு எழுதினார். தென்னாபிரிக்கப் பொற்சுரங்கத் தொழிலாளரிடையே 1957இல் எரஸ்மஸ் கண்டார். சிலிக்கா தூசியை உட்கொள்ளல் நோய்வாய்ப்பைப் பெருக்குகின்றதென்பது இன்று ஏற்கப்பட்டது. எம் தமக்கையார் கல்லும் உடைத்திலர், சுரங்கமும் கண்டிலர்.

ஆடவரினும் பெண்டிரையே இந்நோய் பன்மடங்கு மிகுதியாகப் பற்றுகின்றது. இதனை எண்ணிய அமெரிக்க ஆராய்ச்சியாளர் இரு குழுவினர் 1998இல் வியப்பான செய்தியொன்றை வெளியிட்டனர். கருவிலிருந்த பிள்ளையின் கலங்கள் சில சூல்வித்தகத்தைக் கடந்து தாயின் குருதியிற் கலந்து, பல்லாண்டுகள் அங்கேயே வாழ்கின்றன. நோயுற்ற தாய்மாரிடம் அவை மிகுதியாகக் காணப்பட்டன. அக்கலங்கள் தாயுடலைப் பகைக்கின்றனவோ என ஐயுற்றனர். ஆயின் நோயில்லாத தாய்மாரிடமும் அவை உண்டு. ஆதலின் வழக்கு இன்னும் முடியவில்லை. இதைக் கேட்ட தமக்கையார் முதலிற் சிரித்தார். அவர் மூத்த மகன் கனடாவில் இருக்கிறான். "அப்ப அவன் இங்கைதான் இருக்கிறான்" என்றார். சிறிது கழித்து முகம் மாறி, "பிள்ளையாலை வந்ததெண்டு மட்டும் எங்கையும் எழுதிப்போடாதை" என்றார். எழுதவில்லை. வழக்கு முடியவில்லை என்றே எழுதியிருக்கிறோம்.

எம்மை மிகவும் ஆட்கொண்டது 2014இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு. வன்தோலும் புற்றுநோயும் ஒருங்கே உற்ற பதினாறு பேரை அவர்கள் ஆராய்ந்தனர். அவருள் எண்மரிடம் ஆர்.என்.ஏ. பொலிமரேசு-3 என்னும் நொதியத்துக்கு எதிரான பிறபொருளெதிரி இருந்தது. அவ்வெண்மருள் அறுவருடைய புற்றுக் கட்டியிலே அதே நொதியத்துக்குரிய பரம்பரையலகு பழுதுற்றிருந்தது. ஏனைய எண்மரில் ஒருவரிடத்தும் அவ்வாறில்லை. பொருள் யாதெனில், உடல் முதலிற் போர் தொடுத்தது பழுதுற்ற புற்றுக் கலத்தின் மீது. அப்போர் பின்னர் பழுதற்ற தன் கலங்கள் மீதும் பாய்ந்தது. எல்லா நோயாளர்க்கும் இது பொருந்தாது. தமக்கையாரிடம் இருப்பதும் வேறுவகைப் பிறபொருளெதிரி, அஃது டீ.என்.ஏ. முறுக்கை அவிழ்க்கும் நொதியத்தை எதிர்ப்பது. எனினும் சிலரிடத்தேனும் இந்நோய் காவலின் பிழையன்று, காவலின் மிகை என்று அறிந்தபோது எமக்கு ஏதோ ஆறுதல் உண்டாயிற்று. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

சிகிச்சையைப் பற்றி நீட்டோம். சிறுநீரகம் திடீரெனக் கெட்டு உயிர்போகும் நிலையை, பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் நஞ்சை ஆராய்ந்ததன் வழிவந்த கப்றொப்பிரில் என்னும் மருந்து 1970களின் இறுதி முதல் மாற்றியமைத்தது. ஜேர்மனியின் ஏர்லாங்கன் நகரத்தார், பிறபொருளெதிரி ஆக்கும் பரம்பரையைச் சேர்ந்த பீ வகை நிணநீர்க் குழியங்களை அழிக்குமாறு நோயாளரின் சொந்தக் குழியங்களையே மாற்றியமைத்துச் செலுத்தியதை 2024இல் அறிவித்தனர். பதினைந்து பேரில் நால்வர் வன்தோல் நோயாளர். அவர்கள்பால் நோய் தணிந்ததெனின், அக்குழியங்களுக்கு நோயை விளைப்பதிற் பங்குண்டு என்பதும் பெறப்படுகின்றது அன்றோ?

இனி அவ்விரு கேள்விகள். பிழை விட்டாரா என்பதற்கு விடையளிக்க எமக்கு அச்சமிருக்கவில்லை. அவர் உண்டதிலோ, அன்னையார் பத்தியத்திலோ காரணத்தைக் காட்டும் சான்று எதுவும் அக்கட்டுரைகளில் இல்லை. அன்னையாரிடம் இதைச் சொன்னோம். "நீ படிச்சனி, சரியாத்தான் இருக்கும்" என்றார். நம்பினாரென்று எமக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது கேள்விக்கு, 2003இல் அமெரிக்காவில் இரட்டையர் நாற்பத்திரண்டு சோடியினரிடம் நடந்த ஆய்வைச் சொன்னோம். அவருள் இருவருக்குமே நோய் வந்தது இரண்டு சோடியிலே மட்டுந்தான். ஒரே சூலிற் பிறந்து பரம்பரையலகு முழுதும் ஒத்தவர்க்கும், ஒவ்வாதவர்க்கும் இவ்விகிதம் பெரிதும் வேறுபடவில்லை. பிறபொருளெதிரி தோன்றுவதிலோ ஒத்த இரட்டையர் பெரிதும் ஒத்திருந்தனர். ஆகவே பரம்பரை நிலத்தைப் பண்படுத்தி வைக்கலாம். விதை வேறெங்கிருந்தோ வரவேண்டும். குடும்பத்தில் ஒருவர்க்கு இருப்பின் மற்றவர்க்கு வரும் வாய்ப்பு ஏனையோரினும் மிகுதி. ஆயினும் மிகச் சிறிது. இதனையும் மறைக்காமற் சொன்னோம். தமக்கையார் தலையசைத்தார், ஒன்றும் பேசவில்லை.

சென்ற ஆவணியில் மருமகளின் பிறந்தநாள். பிள்ளைகள் பழரசம் கரைத்துக்கொண்டிருந்தனர். மருமகள் குளிர்ப்பெட்டியிலிருந்து பனிக்கட்டிகளைக் கைநிறைய அள்ளிக்கொண்டு வந்தாள். குசினி வாயிலிற் கதிரையிலிருந்த தமக்கையார் அவளை அருகழைத்து, "கையை விரி பாப்பம்" என்றார். பனிக்கட்டிகள் நிலத்தில் விழ, அவள் சிணுங்கியபடி நனைந்த கைகளை விரித்தாள். தமக்கையார் தம் வளைந்த விரல்களால் அவற்றைப் பற்றி, விரல்நுனிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நாமும் குனிந்து பார்த்தோம். பத்தும் சிவந்தே இருந்தன.