மேலேறும் பெறுமதி

தனியாரிடம் பழைய வாகனம் வாங்குவோரிடமும் விற்பனை வரி அறவிடும் இடங்களில், பெறுமதி மதிப்பீடு வரியைக் குறைக்கும் வழியாகவே அறியப்படுகிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 2006 அக்டோபர் முதல் ஒவ்வொரு பழைய வாகனத்துக்கும் ஓர் ஊகப் பெறுமதியை வகுத்து, கொடுத்த விலை அதன் 80 வீதத்துக்குக் குறைந்தால் அந்த 80 வீதத்தின் மீதே 6.25 வீத வரி கேட்கிறது. அடிபட்ட வண்டியை மலிவாக வாங்கியவர் உரிமம் பெற்ற வாகன விற்பனையாளரிடமோ காப்புறுதி மதிப்பீட்டாளரிடமோ சான்று பெற்று அச்சுமையைக் குறைத்துக்கொள்ளலாம்.

இலங்கையின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் மதிப்பீடு எதிர்த்திசையில் செல்கிறது. பலாங்கொடையிலோ எட்டியாந்தோட்டையிலோ பழைய முச்சக்கர வண்டியொன்று கைமாறும்போது, விற்பவர் பதிவுபெற்ற வியாபாரி அல்லர் என்பதால் பெறுமதி சேர் வரி எழுவதில்லை. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் உரிமை மாற்றக் கட்டணமும் விலையையன்றி வாகன வகையையே பொறுத்தது. விலையைக் குறைத்துக் காட்டுவதால் இலாபமில்லை. கூட்டிக் காட்டினால் உண்டு. ஏனெனில் வண்டி பெரும்பாலும் லீசிங்கில், அதாவது நிதி நிறுவனம் பணம் கொடுத்து, கடைசித் தவணை வரை பதிவுச் சான்றிதழில் முழு உரிமையாளராகத் தன் பெயரை வைத்திருக்கும் முறையில் வாங்கப்படுகிறது. கடன் பெறுமதியின் ஒரு வீதமாகக் கணிக்கப்படுவதால், மதிப்பீட்டாளர் கூட்டி எழுதும் ஒவ்வொரு ரூபாயும் வாங்குபவர் கையிலிருந்து போடவேண்டிய முற்பணத்தைக் குறைக்கிறது. நாட்சம்பளத்தில் முற்பணம் சேர்க்க இயலாத குடும்பத்துக்கு அது சலுகையாகத் தோன்றலாம். வட்டி ஏறுவதோ கூடிய தொகையின் மீது.

2017 இல் மத்திய வங்கி புதிய முச்சக்கர வண்டிக்கான கடனைப் பெறுமதியின் 25 வீதத்துக்குள் அடக்கியது வாகனக் கடன் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தவே. ஆனால் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 வரை திறக்கப்படாததால், வயது ஏற ஏற வண்டியின் விலையும் ஏறும் விந்தை நிகழ்ந்தது.

டெக்சாஸ் கணக்கு இங்கே காணிக்கே பொருந்தும். கைமாறும் காணியின் பெறுமதியில் முதல் ஒரு இலட்சம் ரூபாய்க்கு 3 வீதமும் எஞ்சியதற்கு 4 வீதமும் முத்திரைத் தீர்வை செலுத்தவேண்டியிருப்பதால், உறுதியில் அதைத் தாழ்த்தி எழுதும் ஆசை வாங்குவோருக்கு எழுவது இயல்பு. ஆனால் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயன் அறைகளில் வாழ்வோரில் பெரும்பாலோருக்கு உறுதியே இல்லை. அவர்களுள் பலருக்குத் தம் பெயரில் அரச ஏட்டில் ஏறும் முதற்சொத்து அந்த முச்சக்கர வண்டிதான். அதிலும் முழு உரிமையாளர் என்ற இடத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறது.