கொடியிற் காய்க்கும் கிழங்கு

கிழங்கென்றாலே மண்ணுக்குள் ஒளிந்திருப்பது என்பதே நம்மவர் எண்ணம். கொடியில், இலைக்காம்பின் இடுக்கில், காய்போலத் தொங்கும் கிழங்கும் உண்டென்றால் பட்டணத்துப் பிள்ளைகள் நகைக்கின்றனர். லயங்களில் வாழ்ந்த முதியோரைக் கேட்டால் மட்டும், "காய்வள்ளிதானே, வேலியில் கிடந்ததே!" என்று விடை வருகின்றது. லயத்தை விட்டு அடுக்குமாடிக்கு வந்தபோது பெட்டி, பாத்திரம், படம் எல்லாம் ஏற்றிவந்தோம். வேலியில் கிடந்ததை ஏற்றிவர யாருக்கும் தோன்றவில்லை.

1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் மக்கள் மரவள்ளியைத் தின்று உயிர் பிடித்திருந்ததை அறியாதாரில்லை. மரவள்ளி அவ்விடத்தைப் பெற்றது சுவையினாலன்று. கிழங்கைத் தின்றுவிட்டுத் தண்டை ஊன்றலாம். உணவு வேறு, விதை வேறு. பெருவள்ளியோ அப்படியன்று. தோண்டிய கிழங்கில் ஒரு பங்கை அடுத்த நடவுக்கென ஒதுக்கி வைத்தல் வேண்டும். வயிறு காயும் வீட்டில் அப்பங்கு எத்தனை நாள் தங்கும்? பசித்தழும் பிள்ளையின் முன் விதையைக் காத்து நிற்க எந்தத் தாயால் இயலும்? கொடியிற் காய்க்கும் வகையில் இச்சங்கடம் இல்லை. மண்ணிலுள்ளதை உண்டு, கொடியினின்று உதிர்ந்ததை ஊன்றலாம். இதற்காகவே இதனை நாம் பெரிதும் மதிக்கின்றோம்.

வகை இரண்டு. காய்வள்ளியின் கொடி உருண்டு வழவழப்பாயிருக்கும். இலைகள் மாறிமாறி அமையும். இதில் கொடிக்காயே முக்கிய உணவு. சிலவற்றை உண்டு சிலவற்றை விதைக்கு வைக்கலாம். பெருவள்ளியின் கொடி நாற்பட்டையாய், சிறகுபோன்ற விளிம்புடன் ஓடும். இலைகள் எதிரெதிரே நிற்கும். இவ்வகையில் எல்லாம் கொடிக்காய் தருவனவல்ல. தருவதைத் தேடிப் பெறல் வேண்டும். யாழ்ப்பாணத்தார் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் கூட்டிச் சமைக்கும் ஊதாநிற இராசவள்ளி இவ்வினத்ததே. அதனை ஒருமுறை உண்டவர் மரவள்ளியைப் பற்றிப் பேசமாட்டார்.

ஓர் எச்சரிக்கை. காய்வள்ளியிலேயே கசப்பும் நஞ்சும் உடைய காட்டுவகையுண்டு. தோற்றத்தை மட்டும் நம்பித் தெரிந்துகொள்ளல் ஆகாது. ஆகவே உண்டு பழகிய வீட்டிலிருந்தே விதை பெறுக. காட்டோரத்திற் பொறுக்கியதை உலையிலிடாதீர். நல்ல வகையையும் பச்சையாய் உண்ணலாகாது. முள் நிறைந்த தண்டும் மும்மூன்று இலைகளும் உடையது மலாய்க்காரர் காடோங் என்பது. அவர்கள் அதனைச் சீவி, நாட்கணக்கில் நீரில் ஊறவைத்து நஞ்சகற்றி உண்பர். அப்பக்குவம் அறியாதார் அதனைத் தீண்டாமலிருப்பதே நன்று.

உதிர்ந்த காய் உடனே முளைக்காது; இரண்டு மூன்று மாதம் உறங்கும். நீரூற்றி எழுப்ப முயன்றால் அழுகிப்போம். காற்றாடும் கூடையில் உலர வைத்திருந்து, முளை கண்டபின் இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் ஊன்றுக. நீர் தேங்கலாகாது. கொடி எழுமுன்னரே கம்பு நட்டுவிடல் வேண்டும். மாடிவீட்டார்க்கு வெயில் படும் பெரிய தொட்டி போதும். கிழங்கு சிறுக்குமேயன்றி விளையாமற் போகாது. பெருவள்ளியில் முதலாண்டுக் கிழங்கு எப்படியும் சிறிதே. அதனை உண்ணாது மீண்டும் ஊன்றினால் மறு ஆண்டில் பருக்கும்.

உதிரும் காய்களை ஒன்றுவிடாமற் பொறுக்குக. அமெரிக்காவின் புளோரிடாவில் 1905ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட காய்வள்ளி, காட்டு மரங்களை மூடிப் பெருங்களையாயிற்று. அண்டை வீட்டார் வேலியைத் தாண்டும் கொடியையும் அவ்வப்போது திருப்பிவிடுக. கிழங்கிற்காகச் சண்டை வேண்டாம்.

எட்டுப் பத்து மாதத்தில் இலை பழுத்துக் கொடி காயும். பட்டுப்போயிற்றென்று அதனைப் பிடுங்கித் தொட்டி மண்ணைக் குப்பையிற் கொட்டிவிடுவோர் பலர். கொட்டுமுன் கையை விட்டுத் துழாவிப் பாருங்கள். கிழங்கு அங்கேதான் இருக்கும்.