வலப்பக்கம் ஓடப் பழகிய கதை



ஊரில் லைசன் எடுத்து வருசக்கணக்காகக் கார் ஓடியவர்கள்கூட வளைகுடாவுக்கு வந்ததும் ஸ்டேரிங்கைத் தொடப் பயப்படுகிறார்கள். "டீச்சர், நீங்க எப்படிப் பழகினீங்க?" என்று தங்கைமார் சிலர் கேட்டிருந்தார்கள். தனித்தனியாகப் பதில் எழுதுவதை விட எல்லோருக்குமாக இங்கே போடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது சவூதியில், றியாத் நகரில். இந்த நாட்டில் பெண்கள் கார் ஓடுவது இன்னும் புதிய விடயம்தான். 2017 செப்டம்பரில் அரச ஆணை வந்தது. 2018 ஜூன் 24 முதல்தான் பெண்கள் சட்டப்படி வீதிக்கு இறங்கினார்கள். அதற்கு வெகு காலம் முன்பே, 1990 நவம்பர் 6ஆம் திகதி, 47 பெண்கள் இதே றியாத் வீதிகளில் கார் ஓடிக் காட்டிப் பிடிபட்டார்கள். அன்று என் வாப்பாவும் இந்த ஊரில்தான் இருந்தார். ஹவுஸ் டிரைவர். 1987 முதல் 2001 வரை பதினான்கு வருடம், ஒரே வீட்டில்.

எங்கள் கிழக்கு மாகாணத்து முஸ்லிம் ஊர்களில் தெருவுக்கு ஒருவராவது அந்த வேலைக்கு வந்திருப்பார்கள். வீட்டுப் பெண்கள் ஓட முடியாது என்பதால்தான் அவர்களுக்கு அவ்வளவு வேலை இருந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு, மேடத்தைக் கடைக்கு, வயதான பாட்டியை டொக்டரிடம் என்று காலையிலிருந்து இரவு வரை வாப்பாதான் கொண்டு போவார். நாங்கள் நாலு பேரும் படித்தது அந்த ஸ்டேரிங்கால்தான். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு நாளும் கார் இருந்ததில்லை. ஊரில் வாப்பா ஓடியது மிதிசைக்கிள்.

நான் 2019இல் கணவரோடு இங்கு வந்து ஒரு சர்வதேசப் பாடசாலையில் சேர்ந்தேன். ஊரில் ட்ரையல் பாஸ் பண்ணி லைசன் எடுத்திருந்தேன். பாடசாலைக்கு ஸ்கூட்டியில் போவேன், மச்சானின் காரையும் இடைக்கிடை ஓடியிருக்கிறேன். இங்கே வந்ததும் அதெல்லாம் தேவைப்படவில்லை. இவர் ஓடினார், நான் பக்கத்தில் இருந்தேன். பாடசாலைக்கு வேன் வந்தது.

2021இல் இவருக்கு தம்மாமுக்கு மாற்றம் வந்தது. இங்கிருந்து 400 கிலோமீட்டர். கம்பனி வாகனத்தில் வியாழன் இரவு வந்து சனி பின்னேரம் போய்விடுவார். எங்கள் கார் கீழே சும்மா நின்றது. ஒரு நாள் இரவு இரண்டு மணிக்குச் சின்ன மகனுக்கு வீசிங் கூடிவிட்டது. நெபுலைசர் வைத்தும் அடங்கவில்லை. போனில் டாக்ஸி போட்டேன். ஒருவர் ஏற்றுக்கொண்டு பிறகு ரத்துச் செய்தார். அடுத்தவர் வந்து சேர 25 நிமிடம். அந்த 25 நிமிடமும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். எதிரே எங்கள் கார். சாவி என் கைப்பையில்.

அல்ஹம்துலில்லாஹ், பிள்ளைக்குச் சுகமானது. அடுத்த கிழமையே டிரைவிங் ஸ்கூலில் பெயர் கொடுத்தேன்.

அங்கே முதலில் ஒரு மதிப்பீடு. எத்தனை மணித்தியாலப் பயிற்சி என்பது அதைப் பொறுத்தது. பிறகு கணினியில் வீதி ஒழுங்குப் பரீட்சை, கடைசியில் ஓடிக் காட்டுவது. எனக்குப் பழக்கியவர் ஒரு சவூதித் தங்கை, என்னை விட வயது குறைவு. "நானே மூன்று வருடத்துக்கு முதல்தான் பழகினேன், எனக்கும் இப்படித்தான் கை நடுங்கியது" என்றார். அந்த ஒரு சொல் எனக்குப் பெரிய ஆறுதல். என் அரபு மத்ரஸா அரபு. அவர் "யமீன்", "யஸார்" என்றபோது சிரமமில்லாமல் விளங்கியது. "ஸீதா", "ஷுவை ஷுவை" எல்லாம் காரில் பழகியவை. சுற்றுவட்டத்துக்கு "தவ்வார்", வெளியேறும் வழிக்கு "மக்ரஜ்", தண்டத்துக்கு "முகாலஃபா". இந்தச் சொற்களை முதலில் பாடமாக்கிக்கொள்ளுங்கள், பாதிப் பயம் போய்விடும்.

இனி நம்மவர்களுக்கு எது கஷ்டம் என்று சொல்கிறேன். இலங்கையில் வீதியின் இடப்பக்கம் ஓடுகிறோம், ஸ்டேரிங் வலப்பக்கம். இங்கே இரண்டும் மறுபக்கம். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரியாதது, உடம்பு எவ்வளவு விடயத்தைத் தானாகச் செய்து பழகியிருக்கிறது என்பது. நம் ஊரில் ஓடும் ஜப்பான் கார்களில் சிக்னல் கம்பி வலக்கைப் பக்கம். இங்கே அது இடக்கைப் பக்கம். பழைய பழக்கத்தில் வலக்கை போனால் வைப்பர்தான் ஆடும். மழையே இல்லாத ஊரில், காய்ந்த கண்ணாடியில், கறகற என்று தூசியைத் தேய்த்துக்கொண்டு. புதிதாக வந்த நம்மவரை இதை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

அடுத்தது, காரின் பெரும்பகுதி இப்போது உங்கள் வலப்பக்கம் இருக்கிறது. இடப்பக்கம் இருந்து பழகிய மனது அந்த அகலத்தைக் கணக்கெடுப்பதில்லை. அதனால் கார் மெல்ல மெல்ல வலப்பக்கமாக ஒதுங்கும். பக்கத்து லேனில் போகிறவன் ஹோர்ன் அடிப்பான். மருந்து ஒன்றுதான்: வெறும் இடத்தில் நிறுத்தி, இறங்கிப் போய், வலப்பக்கச் சில்லு கோட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். திரும்ப ஏறி இருந்து, அந்தக் கோடு கண்ணாடியில் எந்த இடத்தில் தெரிகிறது என்று மனதில் வையுங்கள். பத்துத் தடவை செய்தால் போதும்.

எந்தப் பக்கம் ஓடுவது என்று குழம்பும்போது ஒரு விதி கைகொடுக்கும். ஊரிலும் சரி, இங்கும் சரி, சாரதி இருப்பது வீதியின் நடுக்கோட்டுப் பக்கம். திரும்பி முடித்ததும் நான் நடுக்கோட்டுப் பக்கம் இருக்கிறேனா என்று ஒரு கணம் பாருங்கள். ஓரத்துப் பக்கம் இருந்தால் பிழையான பக்கத்தில் போகிறீர்கள். வாகன நெரிசலில் இந்தப் பிழை வராது, முன்னால் போகிறவன் வழி காட்டுவான். வெறும் வீதிதான் ஆபத்து. சுபஹுக்குப் பிறகு ஆளில்லாத குறுக்குத் தெரு, கடைக்குப் பின்னால் இருக்கும் பார்க்கிங், யூ டேர்ன் எடுத்து முடிந்த இடம். அங்கேதான் பழைய பழக்கம் எழும்பி வரும்.

சுற்றுவட்டத்தில் நாம் ஊரில் வலப்பக்கம் பார்த்து வழிவிடுவோம். இங்கே இடப்பக்கம் பார்க்க வேண்டும், உள்ளே சுற்றுகிறவருக்குத்தான் முதலிடம். நடந்து வீதியைக் கடக்கும்போதும் அப்படித்தான், முதலில் இடப்பக்கம். இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

பிறகு வேகம். நம் நாட்டில் ஊர்ப்பகுதிக்குள் 50, வெளியில் 70 என்று பழகியவர்கள் நாம். அதிவேகப் பாதையே 2011 நவம்பரில்தான் முதல் முதலாகத் திறந்தது, அதுவும் தெற்கில். கிழக்கில் இருந்த எனக்கு நாலைந்து லேன் வீதி என்பது படத்தில் பார்த்த சாமான். இங்கே ரிங் ரோட்டில் ஏறினால் இடப்பக்க லேன்தான் வேக லேன், அதில் பின்னால் வருகிறவன் லைட் அடித்துக்கொண்டே வருவான். எக்ஸிட்டுகளுக்கு இலக்கம் உண்டு, ஆட்கள் வீட்டு விலாசத்தையே "எக்ஸிட் 15 பக்கம்" என்றுதான் சொல்வார்கள். எக்ஸிட்டைத் தவறவிட்டால் குறுக்கே வெட்டாதீர்கள். அடுத்ததில் இறங்கித் திரும்பி வரலாம், சில நிமிடம்தான் போகும். வேகத்தையும் சிவப்பு விளக்கையும் ஸாஹிர் கெமரா பார்த்துக்கொண்டிருக்கிறது, தண்டம் அப்ஷிர் கணக்கில் வந்து நிற்கும்.

லைசன் கைக்கு வந்த அன்று தைரியமும் கூடவே வரும் என்று நினைக்காதீர்கள். அது வேறு பாடம். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் விடயம், தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ என்பது. முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு எழுத்துப் பழக்குவது போல என்னை நானே பழக்கினேன். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு றியாத் தூங்கும். அந்த நேரம் இவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எங்கள் பகுதிக்குள் மட்டும் ஓடினேன். அடுத்த கிழமை பாடசாலை வரைக்கும் போய் வந்தேன், அதே பாதையில் ஐந்து தடவை. அதற்கடுத்த கிழமை தனியாக. பிறகு வேலை நாளில். பிறகு இரவில். ரிங் ரோட் மூன்றாம் மாதம்தான். ஒரு கிழமைக்கு ஒரு புதிய விடயம், அதற்கு மேல் இல்லை.

"இங்கத்த ஆக்கள் ஓடுற ஓட்டத்துக்கு நமக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கேட்ட ராத்தாமாரும் இருந்தார்கள். அவர்கள் அக்கறையில்தான் சொன்னார்கள். ஆனால் நள்ளிரவு வாசலில் நின்றது நான். ஊரிலிருந்து வாப்பா மட்டும் தினமும் வட்ஸ்அப்பில் வொய்ஸ் அனுப்புவார். "மகள், முன்னால போற காரை மட்டும் பாக்காத, அதுக்கு முன்னால போறவனயும் பாரு." "பின்னால லைட் அடிச்சா கோவப்படாத. வலப்பக்கம் ஒதுங்கி வழி விடு. அவனுக்கு அவசரம் எண்டா போகட்டும்." எந்தப் புத்தகத்தையும் விட இது எனக்கு உதவியது.

அடுத்த வருடம் மகனுக்கு மீண்டும் அப்படி வந்தது, அதுவும் இரவில்தான். பிரயாண துஆவை ஓதிக்கொண்டு பெல்ட்டைப் போட்டேன். பதினொரு நிமிடத்தில் ஹொஸ்பிட்டல் வாசலில் நின்றேன். பயம் இருந்தது, ஆனால் கை தன் வேலையைச் செய்தது. பிள்ளைக்கு மருந்து ஏறி மூச்சு சீரான பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

2023இல் வாப்பாவும் உம்மாவும் உம்றாவுக்கு வந்தார்கள். முடித்துக்கொண்டு எங்களிடம் வந்து பத்து நாள் நின்றார்கள். வாப்பாவுக்கு அவர் வேலை செய்த வீட்டுப் பக்கம் பார்க்க வேண்டும் என்று ஆசை. அல்-மலஸ் பக்கம். நான்தான் கொண்டு போனேன். பாதி இடங்கள் மாறிவிட்டன. சந்திகளைப் பார்த்துப் பார்த்து "இதுல ஒரு புகாரி சோற்றுக் கடை இருந்தது", "இதுல நிண்டுதான் உம்மாக்கு கோல் எடுப்பன்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. சிக்னலில் நின்றபோது சொன்னார், "பதினாலு வருசம் இந்த ஊருல ஓடியிருக்கன் மகள். இந்தப் பக்கத்து சீட்டுல ஒரு நாளும் இருந்ததில்ல."

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. பச்சை விழுந்தது, ஓடினேன்.

ஊருக்கு லீவில் போய்த் திரும்புகிறவர்கள் கவனம். அங்கே ஒரு மாதம் இடப்பக்கம் ஓடிவிட்டு வந்தால் உடம்பு எல்லாவற்றையும் மறுபடி மாற்ற வேண்டும். வந்த அன்றே எயார்போர்ட்டிலிருந்து நீங்கள் ஓட வேண்டாம். ஒரு இரவு தூங்கி எழும்பி, ஒரு வெறும் காலையில் அரை மணித்தியாலம் சுற்றிப் பாருங்கள்.

வீட்டு ஆண்களுக்கும் ஒரு வேண்டுகோள். மனைவி பழகும்போது பக்கத்தில் இருந்து சத்தம் போடாதீர்கள். சொல்ல வேண்டியதைக் காரை நிறுத்திய பிறகு சொல்லுங்கள். இவர் அப்படித்தான் செய்தார். முதல் மாதம் முழுக்கக் கதவுக் கைபிடியைப் பிடித்துக்கொண்டு வாயை மூடியிருந்தார். அந்தப் பொறுமைக்கு நான் இன்றும் துஆச் செய்கிறேன்.