கலங்கிய குளத்தில் மீன் தேடுதல்

‘குழம்பிய குட்டையில் மீன் பிடித்தல்’ என்ற தொடருக்குத் தமிழ்ப் பத்திரிகைகளில் ஓய்வே கிடைப்பதில்லை. தேர்தல் வந்தாலும், கட்சி பிளந்தாலும், அமைச்சரவை கலைந்தாலும் அது தலையங்கத்தில் வந்து அமர்ந்துகொள்ளும். நீர் கலங்கினால் மீன் எளிதில் அகப்படும் என்பதே அதன் பொருள். ஆனால் வன்னிக் குளங்களில் வலை போட்டுப் பிழைப்பவரிடம் இதனைச் சொன்னால் அவர் ஒப்புக்கொள்ளமாட்டார். கார்த்திகையிலும் மார்கழியிலும் குளம் நிரம்பிக் கலங்கிக் கிடக்கும்போதுதான் அவருடைய வீட்டில் நெருக்கடி தொடங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு மார்கழி மாதத்தில், இரணைமடுக் குளக்கட்டில் முதியவர் ஒருவருடன் கதைத்துக்கொண்டிருந்தேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நன்னீர் மீன்பிடியையே தொழிலாகக் கொண்டவர். கனகராயன் ஆறு செந்நிறத்தில் பெருகி வந்து குளத்தை நிரப்பியிருந்தது.

“குளம் நிறைஞ்சு கிடக்குது. இனி மீனும் நிறையத்தானே வரும், ஐயா?” என்று கேட்டேன்.

“குளம் நிறைஞ்சால் வலை காயும், தம்பி. மீன் ஒண்டும் சாகேல்லை. தண்ணி பெருத்துப்போச்சு. அதுக்குள்ள எங்க எண்டு தேடுறது?” என்றார்.

இத்தொழிலின் மழைக்காலச் சிக்கல் முழுவதும் இந்த நான்கு வசனங்களுக்குள் அடங்கியிருக்கிறது. ஆவணியிலும் புரட்டாசியிலும் குளம் வற்றிச் சுருங்கும்போது மீன்கள் எஞ்சிய ஆழத்தில் நெருங்கிக் கிடக்கும். வலை எங்கு விழுந்தாலும் ஏதாவது அகப்படும். மழை பெய்து நீர்ப்பரப்பு பல மடங்காக விரிந்ததும் அதே மீன்கள் அப்பரப்பெங்கும் சிதறிவிடுகின்றன. கோடையில் கைகொடுத்த இடங்கள் வெறுமையாகின்றன.

அப்படியானால் அவை எங்கே போகின்றன? அலைகரையை நோக்கிப் போகின்றன. கோடை முழுவதும் மாடு மேய்ந்த புற்றரை அது. நீர் ஏறியதும் புல்லும் பற்றையும் மூழ்குகின்றன. மண்புழு, வெட்டுக்கிளி, எறும்பு, வண்டு எல்லாம் நீருக்குள் வந்துவிடுகின்றன. சாணமும் அழுகும் புல்லும் நுண்ணுயிர்களைப் பெருக்குகின்றன. இத்தகைய பந்தியை விட்டுவிட்டு மீன் நடுக்குளத்தில் நிற்க வேண்டிய காரணமில்லை. ஆற்று நீரின் வேகத்திலிருந்து ஒதுங்க மூழ்கிய பற்றைகள் மறைவையும் தருகின்றன. ஆகவே வெள்ளக்காலத்தில் மீனைத் தேடுபவர் ஆழத்தை விட்டு, முழங்காலளவும் இடுப்பளவும் நீருள்ள ஓரங்களைப் பார்க்கவேண்டும்.

கலங்கல் வேறொரு வேலையைச் செய்கிறது. சேற்று நீரில் வெளிச்சம் ஓரிரு அடிக்குக் கீழே இறங்குவதில்லை. கண்ணால் இரை தேடும் மீன்கள் மேலே வருகின்றன. ஒரு கிளையையோ பற்றையையோ ஒட்டி நின்று, அருகே வருவதை மட்டும் கவ்வுகின்றன. உடலின் இரு பக்கங்களிலும் ஓடும் உணர்கோடு நீரின் அதிர்வை அவற்றுக்கு அறிவிக்கிறது. எனவே தூண்டில்காரர் இரையை மீனின் வாய்க்கருகே கொண்டுபோய் நிறுத்தி, மெல்ல அசைக்க வேண்டியிருக்கிறது. மீசையால் சுவை அறிகின்ற கெளிற்றுக்கும் சுங்கானுக்கும் இந்தத் தொல்லை இல்லை. கலங்கல் அவற்றின் காலம்.

கலங்கலிலும் ஒரே சீர் இல்லை. உழுத வயலைத் தழுவி வரும் ஓடை செம்மண்ணைக் கொண்டுவரும். காட்டுக்குள்ளிருந்து வரும் சிற்றோடை தேநீர் நிறத்தில் இருந்தாலும் தெளிவாக இருக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் நீரில் ஒரு கோடு தெரியும். அனுபவசாலிகள் அந்தக் கோட்டை விடமாட்டார்கள். காற்று மோதும் கரை கலங்கியே இருக்க, காற்றுக்கு மறைவான கரையில் மண் விரைவாகப் படிந்து நீர் தெளியும். நீர் ஏறும் நாளும் இறங்கும் நாளும்கூட ஒன்றல்ல. ஏறும்போது மீன் ஓரத்துக்குப் பரவும். இறங்கத் தொடங்கியதும் அகப்பட்டுவிடாமல் பள்ளங்களின் வழியே ஆழத்துக்குத் திரும்பும். அந்த இரண்டு மூன்று நாள்களில் பள்ளத்தின் வாயில் வலை கட்டியவருக்கே அதிட்டம்.

இது நமது மீன்களுக்கு மட்டும் உரிய குணமன்று. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், வெள்ளத்தைத் தடுப்பதற்காகக் கட்டப்பட்ட கிரெனடா நீர்த்தேக்கத்தில் ‘கிராப்பி’ என்றொரு தட்டையான மீன் உண்டு. வசந்தகால மழையில் நீர் உயர்ந்து கலங்கியதும் அது மூழ்கிய பற்றைகளுக்குள் புகுந்துவிடும். அங்குள்ளோர் நீண்ட தடியால் பற்றையின் நடுவே தூண்டிலைச் செங்குத்தாக இறக்கி, அசையாமல் பிடித்துக்கொள்வார்கள். சேற்றிலும் தெரியவேண்டும் என்று கடும் கறுப்பையோ பளிச்சிடும் மஞ்சள் பச்சையையோ போலி இரைக்குத் தெரிவார்கள். அவர்களுக்கு அது பெரும்பாலும் விடுமுறை நாளின் பொழுதுபோக்கு. நமது முதியவருக்கோ அது அன்றைய அரிசி.

செவுள்வலைக்குக் கலங்கல் உதவத்தானே வேண்டும் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். உண்மைதான். சேற்றில் மீனுக்கு வலை தெரிவதில்லை. ஆயினும் மீன் நிற்கும் மூழ்கிய பற்றைகளுக்குள் வலையை விரித்தால் முள்ளில் சிக்கிக் கிழியும். வெள்ளம் கொண்டுவரும் கட்டையும் குப்பையும் மிச்சத்தைக் கிழிக்கும். ஒரு வலை கிழிந்தால் பல நாள் உழைப்பு போய்விடுகிறது.

எனினும், கண்டுபிடிப்பதிலும் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. கண்டுபிடித்த மீனைப் பிடிக்கலாமா என்பதே அது.

விராலை எடுத்துக்கொள்வோம். காற்றைச் சுவாசிக்கும் மீனாதலால் அது அடிக்கடி மேலே வந்து வாய் திறந்து அமிழும். அந்த வட்டம் அதனைக் காட்டிக்கொடுக்கும். புதுநீர் ஏறிய புல்லோரத்தில் அது கூடுகட்டி முட்டையிடும். குஞ்சுகள் செந்நிறத் திரளாக மிதந்து திரியும். தாயோ தந்தையோ அவற்றின் கீழேயே காவல் நிற்கும். கலங்கிய நீரில் விராலைக் கண்டுபிடிக்க இதைவிடத் துல்லியமான அடையாளம் இல்லை. ஆனால் அக்காவலைத் தூக்கிவிட்டால் அந்தத் திரள் முழுவதும் பிற மீன்களுக்கும் கொக்குகளுக்கும் இரையாகிவிடும். ஒரு நேரக் குழம்புக்கு ஒரு குடும்பமே அழிந்துபோகிறது. முதியவர் செந்திரளைக் கண்டால் தூண்டிலைச் சுருட்டிவிடுவாராம். “அது அடுத்த வருசத்துச் சோறு” என்றார்.

வான் பாயும் இடத்தில் இந்தக் கட்டுப்பாடு எளிதில் குலைந்துவிடுகிறது. கதவுகள் திறந்தவுடன் ஊர் திரண்டுவிடும். குளத்திலிருந்து அடித்துவரப்பட்டு மயங்கிக் கிடக்கும் மீன்களையும், நீரை எதிர்த்து மேலேற முயலும் மீன்களையும் கொசுவலை கொண்டும் அள்ளுவார்கள். குஞ்சும் முட்டைதாங்கிய தாயும் ஒரே பைக்குள் போகும். நீரின் வேகம் மனிதரையும் விட்டுவைப்பதில்லை. 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சி மக்கள் பட்ட பாட்டையும், 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் நாடெங்கும் செய்த அழிவையும் கண்ட பின்னரும் வான்கரையில் கூட்டம் குறையும் என்று நான் நம்பவில்லை.

நமது நன்னீர் மீன்பிடி அவ்வளவு உறுதியான தொழிலுமன்று. அதனைத் தூக்கி நிறுத்திய திலாப்பியா இந்நாட்டுக்கு வந்ததே 1952இல்தான். 1990இல் அரசாங்கம் இத்துறைக்கு அளித்துவந்த ஆதரவை நிறுத்தி, 1994இல் மீண்டும் வழங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் குஞ்சு விடுவாருமில்லை, வலைக்கண்ணை அளப்பாருமில்லை. சிறுகண் வலைகள் பெருகின. மேற்பார்வை விலகும்போது குளத்தைக் காப்பது, செந்திரளைக் கண்டு தூண்டிலைச் சுருட்டும் மனிதர்தாம்.

இனிப் பழமொழிக்கு வருவோம். அதனை ஆக்கியவர் பிழைவிடவில்லை. அவர் சொன்னது குட்டையைப் பற்றி, குளத்தைப் பற்றியன்று. கோடையில் வற்றிய குட்டைக்குள் இறங்கிக் காலால் சேற்றைக் கலக்கினால், மீன் மூச்சுத் திணறி மேலே வரும். கையாலேயே பிடிக்கலாம். அங்கே கலக்கியவன் மனிதன். மீனுக்கோ ஓடுவதற்கு இடமில்லை. மழை கலக்கிய குளத்தில் மீனுக்குப் போக்கிடம் உண்டு. அதனால்தான் அங்கே மீனவன் தேட வேண்டியிருக்கிறது, காத்திருக்க வேண்டியிருக்கிறது, சில வேளைகளில் வெறுங்கையோடு திரும்பவும் வேண்டியிருக்கிறது.

தலையங்கம் எழுதும் இளைய நண்பர்கள் அடுத்த முறை இத்தொடரைக் கையாளும்போது, கலக்கத்தைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், அகப்பட்டவர்களுக்கு ஓட வழி இருந்ததா என்பதையும் பார்க்கவேண்டும். எங்கள் மண்ணில் அந்தக் கேள்விக்கு இருக்கும் கனத்தை நான் விளக்க வேண்டியதில்லை.