மீனுக்கு வால்... நமக்கு ஃபின்!

செமஸ்டர் முடிஞ்ச கையோட ஹாஸ்டல் ரூமில் எழும் முதல் கேள்வி, 'அடுத்து எங்கே மச்சி?' கொடைக்கானல், மூணாறு, கோவானு போன ஊருக்கே போய் போரடிச்சுப்போன கோஷ்டியா நீங்க? அப்படின்னா, உங்க லிஸ்ட்டில் சீக்கிரமே ஹேவ்லாக் வந்து நிற்கும் பாருங்க!

அந்தமானில் இருக்கிற தீவு இது. 2018-ல் 'ஸ்வராஜ் த்வீப்'னு அரசாங்கம் பேரு மாத்தினாலும், பேச்சு வழக்கில் இன்னும் ஹேவ்லாக்தான். சென்னையில் ஃப்ளைட் ஏறினா ரெண்டு மணி நேரம் சொச்சத்தில் போர்ட் பிளேர். (அதுக்கும் 2024-ல் 'ஸ்ரீ விஜயபுரம்'னு புதுப் பேரு!) அங்கிருந்து வேகப் படகில் ஒன்றரை மணி நேரம், அரசுக் கப்பலில் இன்னும் கொஞ்சம் கூடுதல். இறங்கினதும் கண்ணாடி மாதிரி தண்ணி. அதுக்குள்ள பவளப்பாறை, கோமாளி மீன், ஆமை... இதைப் பார்க்கத்தான் ஸ்கூபா டைவிங் பண்ண ஜனங்க கிளம்பி வர்றாங்க.

சரி, மேட்டருக்கு வருவோம். டைவிங்குக்குனு சொந்தமா ஏதாவது வாங்கணும்னா, கடைக்காரர் காட்டுற பொருள்களில் ரொம்பக் குழப்புறது எது தெரியுமா? ஃபின்! காலில் மாட்டுற துடுப்பு. மூணு கிலோவில் ஒண்ணு, ஒன்றரை கிலோவில் ஒண்ணு, 'டிராவல் ஃபின்'னு குட்டியா ஒண்ணு. ஃப்ளைட்டில் போற ஆளுங்க, லேசா இருக்கிறதைத் தூக்கிட்டா போதும்னுதான் முதலில் தோணும். ஆனா, ஒரு ஃபின்னை மூணு தராசில் நிறுத்துப் பார்க்கணும் பாஸ். அதில் ஏர்போர்ட் தராசு முதல் தராசு மட்டும்தான்.

அதுக்கு முன்னாடி... வாங்கணுமா?

முதல் தடவை இறங்கிப் பார்க்கிற 'ட்ரை டைவ்' பண்ணப்போறீங்களா? ஒண்ணுமே வாங்காதீங்க. கையைப் பிடிச்சு கூட்டிட்டுப் போற இன்ஸ்ட்ரக்டர் இருக்கார், கியர் எல்லாம் அவங்களே தருவாங்க. நாலு நாள் 'ஓப்பன் வாட்டர்' கோர்ஸ் படிக்கப்போறீங்கன்னா, அதிலும் பெரும்பாலும் வாடகை சேர்ந்தே இருக்கும். பணம் கட்டுறதுக்கு முன்னாடி கேட்டுக்குங்க.

கோர்ஸ் முடிச்சு, வருஷத்துக்கு ஒரு தடவையாவது போவோம்னு உறுதியா தெரிஞ்சா வாங்கலாம். அப்பவும் முதல் செலவு முகத்துக்கு ஒட்டுற மாஸ்க். அடுத்துதான் ஃபின். சிலிண்டர், காற்று ஜாக்கெட், ரெகுலேட்டர் எல்லாம் கனமும் ஜாஸ்தி, விலையும் ஜாஸ்தி. அதை அங்கேயே வாடகைக்கு எடுக்கிறதுதான் பாக்கெட்டுக்கு நல்லது. ஃபின் அப்படி இல்லை. அது செருப்பு மாதிரி, ஆளுக்கு ஆள் காலுக்குக் கால் மாறும்.

முதல் தராசு: ஏர்போர்ட்

உள்நாட்டு எகானமி டிக்கெட்டில் பொதுவா 15 கிலோ செக்-இன், 7 கிலோ கேபின். கனமான முழு ரப்பர் ஃபின் ஒரு ஜோடி 3 கிலோவை நெருங்கும். உங்க கேபின் கணக்கில் பாதி அங்கேயே அம்பேல்!

ஃபின்னில் ரெண்டு ஜாதி. ஒண்ணு, ஷூ மாதிரி குதிகாலையும் மூடுற 'ஃபுல் ஃபுட்'. வெறுங்காலில் அப்படியே மாட்டிக்கலாம். இன்னொண்ணு, பின்னாடி ஸ்ட்ராப் போட்டு இழுக்கிற 'ஓப்பன் ஹீல்'. இதுக்கு உள்ளே ரப்பர் பூட் போடணும். அங்கேதான் ட்விஸ்ட்! விலைச்சீட்டில் ஃபின்னோட எடை மட்டும்தான் இருக்கும். பூட் ஜோடி தனியா அரை கிலோவுக்கு மேல ஏத்தும். ஊருக்குத் திரும்பும்போது அது ஈரமா இருந்தா இன்னும் கனம். ஸ்ட்ராப்புக்குப் பதிலா ஸ்டீல் ஸ்பிரிங் போட்ட மாடல்னா அதுவும் சேரும். ஸோ, கூட்டிக் கழிச்சுப் பாருங்க. வெறுங்கால் ஃபுல் ஃபுட் ஜோடி ஒன்றரை கிலோ சுமாரில் முடிஞ்சிடும்.

நீளம்? இங்கே நம்ம பித்தாகரஸ் கை கொடுப்பார். கேபின் பையோட வழக்கமான அளவு 55 செ.மீ, 35 செ.மீ, 25 செ.மீ. 55-ஐயும் 35-ஐயும் ஸ்கொயர் பண்ணிக் கூட்டி ரூட் எடுத்தா, மூலைக்கு மூலை 65 செ.மீ. பையோட துணி, சக்கரம், கைப்பிடி எல்லாம் கொஞ்சம் இடம் தின்னும். அதனால, 58 செ.மீ-க்குள்ள இருக்கிற ஃபின்னா பார்த்தா குறுக்கே படுக்க வைச்சு மூடிடலாம். கடைக்குப் போகும்போது டேப் எடுத்துட்டுப் போங்க, கூச்சப்படாதீங்க!

இரண்டாம் தராசு: கடல்

தண்ணிக்குள்ள எடை வேற கணக்கு. ஆர்க்கிமிடிஸை ஸ்கூலோட மறந்துட்டீங்களா? ஃபின் ரப்பரோட அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 1,200 கிலோனு வைச்சுக்குவோம். கடல் தண்ணி 1,025. கரையில் 3 கிலோ காட்டின அதே ஜோடி, கடலுக்குள்ள 440 கிராம்தான் இழுக்கும். பிளாஸ்டிக் கலந்த லேசான ஃபின்னில் சிலது கிட்டத்தட்ட பூஜ்யம், சிலது மிதக்கவே செய்யும்.

'440 கிராம்தானே'னு சொல்லாதீங்க. அது தொங்குறது உங்க உடம்போட கடைக்கோடியில். நெம்புகோல் தத்துவப்படி சின்ன எடையும் அங்கே பெருசா வேலை பார்க்கும். குளிர் நாடுகளில் உள்ளே காற்று நிரம்பின தடிமனான உடை போட்டு இறங்குறாங்க. அதில் கால் மேலே மிதக்கும். அதை அமுக்கி வைக்க அவங்களுக்குக் கனமான ரப்பர் ஃபின் வேணும். ஹேவ்லாக்கில் தண்ணியே 27, 28 டிகிரி. மெல்லிசான உடை போதும். இங்கே அந்தக் கனத்தைக் கட்டினா, உங்க கால் கீழே தொங்கும். தலை மேலே, கால் கீழேனு சைக்கிள் மிதிக்கிற போஸில் போவீங்க.

அப்படிப் போனா என்னாகும்? ஃபின் நுனி பவளத்தில் இடிக்கும். உருண்டை உருண்டையா பாறை மாதிரி வளருற பவளம், வருஷத்துக்கு ஒரு செ.மீ அளவில்தான் வளரும். நீங்க ஒரு உதையில் உடைக்கிறது, உங்க அப்பா பிறந்தப்போ ஆரம்பிச்ச வளர்ச்சியா இருக்கலாம். அந்தமான் பவளங்கள் ஏற்கெனவே 1998, 2010, 2016-ல் கடல் சூடேறி வெளுத்துப்போய் அடி வாங்கினவை. நம்ம பங்குக்கும் ஒரு உதை வேணாமே! அளவான நீளத்தில், தண்ணிக்குள்ள மூழ்காம மிதக்காம நிற்கிற ஃபின் இருந்தா, உடம்பு தரைக்குக் கிடையா நிற்கும். தவளை மாதிரி காலை விரிச்சு உதைக்கிற 'ஃப்ராக் கிக்' பழகினா, மணலும் கிளம்பாது, பவளமும் தப்பிக்கும்.

மூன்றாம் தராசு: தொடை

இதுதான் பாஸ் முக்கியமான தராசு. ஃபின்னை உதைக்கப்போறது உங்க தொடையும் கெண்டைக்காலும்தானே?

அமெரிக்காவோட பெஞ்சமின் ஃபிராங்க்ளின் சின்னப் பையனா இருக்கும்போது கைக்கு மரப்பலகைத் துடுப்பு செஞ்சு நீந்திப் பார்த்தார். வேகமாத்தான் போச்சு, ஆனா மணிக்கட்டு வலி எடுத்துடுச்சுனு பின்னாளில் ஒரு கடிதத்தில் எழுதினார். காலுக்கும் செருப்பு மாதிரி ஒண்ணு கட்டிப் பார்த்தார். பாதத்தோட உள்பக்கமும் கணுக்காலும் சேர்ந்துதான் தண்ணியைத் தள்ளுது, உள்ளங்கால் மட்டும் இல்லைனு புரிஞ்சு, அது அவருக்குத் திருப்தி தரலை. இப்ப நாம பார்க்கிற மாதிரி ஃபின்னுக்கு 1933-ல் காப்புரிமை வாங்கினவர், பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி த கோர்லியூ. ஆனா, ஃபிராங்க்ளின் கண்டுபிடிச்ச ரெண்டு பாடமும் இன்னிக்கும் செல்லுபடி ஆகுது. பெரிய துடுப்பு வேகம் கொடுக்கும், கூடவே வலியும் கொடுக்கும். கணுக்காலோட சேர்ந்து அசையாத ஃபின் வேஸ்ட்.

பிளேடு நீளமாவும் விறைப்பாவும் இருந்தா ஒரு உதைக்கு நிறைய தண்ணி தள்ளும். ஆனா, ஜிம் பக்கமே போகாத கால் பத்து நிமிஷத்தில் கெண்டைச்சதை பிடிச்சுக்கும். ரொம்பக் குட்டியா, தொளதொளனு இருக்கிற ஸ்நார்கலிங் ஃபின் எடுத்தா வேற ஆபத்து. தண்ணி எதிர்த்து ஓடும்போது எவ்வளவு உதைச்சாலும் இருந்த இடத்திலேயே இருப்பீங்க. நடுவில் வெட்டுப்பட்ட 'ஸ்பிளிட் ஃபின்' காலுக்கு இதம்தான், ஆனா ஃப்ராக் கிக்குக்கு அவ்வளவா ஒத்துழைக்காது.

மூச்சுக் கணக்கும் இருக்கு. மேலே நிமிஷத்துக்கு 20 லிட்டர் காற்று இழுக்கிற ஆள், 18 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 2.8 மடங்கு ஆகிறதால 56 லிட்டர் காலி பண்ணுவார். காலோட மல்லுக்கட்டி மூச்சு வாங்கி 20 முப்பது ஆனா, ஆழத்தில் அது 84! ஒரு மணி நேரம் மீனோட இருக்க வேண்டியவர், பாதியிலேயே கட்டை விரலை மேலே காட்டிட்டுக் கிளம்பணும். தப்பான ஃபின்னோட விலை இதுதான்.

அதனால, லேசான ஃபின்னில் மீடியம் விறைப்பு இருக்கிறதைத் தேடுங்க. நுனியைக் கையால வளைச்சுப் பாருங்க. வளையணும். விட்டதும் 'டப்'புனு நிமிரணும். வளைஞ்சபடியே சோம்பலா திரும்பினா, கீழே வைச்சிடுங்க.

காலில் போட்டுப் பார்க்காம ஆன்லைனில் ஆர்டர் தட்டாதீங்க. மாட்டிட்டு உட்கார்ந்தபடி காலைத் தூக்கி ஆட்டுங்க. குதிகால் வழுக்கினா பெருசு. விரல் மடங்கினாலோ, பாதத்து மேல்பக்கம் நறுக்குனு கடிச்சாலோ சின்னது. மெல்லிசா ஒரு நீச்சல் சாக்ஸ் போட்டா கொப்புளம் வராது, எடையும் ஏறாது.

ஹேவ்லாக்குக்குனு ஒரு குறிப்பு. இங்கே நிறைய டைவ் 'டுங்கி'ங்கிற படகில் போய்த்தான் இறங்குறாங்க. அதனால வெறுங்கால் ஃபுல் ஃபுட் நல்லாவே ஒத்துவரும். கிழக்குக் கரையில் தண்ணி வத்துற நேரத்தில் படகு வரைக்கும் நடக்க வேண்டி வந்தா, செத்த பவளம் காலைக் கிழிக்கும். அதுக்கு நம்ம ஊர் ரப்பர் செருப்பு போதும். படகிலேயே கழட்டிப் போட்டுட்டு இறங்கலாம். கரையிலிருந்தே நடந்து இறங்குற இடங்களுக்கு அடிக்கடி போற ஆளா? அப்ப பூட்டோட எடையை ஏத்துக்கிட்டு ஓப்பன் ஹீல் வாங்குறதுதான் சரி.

பையில் வைக்கும்போது கால் நுழையுற குழிக்குள்ள சாக்ஸ், டி-ஷர்ட்டைச் சுருட்டித் திணிச்சிடுங்க. இடமும் மிச்சம், குழியும் நசுங்காது. பிளேடை மடக்கி அமுக்காதீங்க, நிரந்தரமா கோணிடும். டைவ் முடிஞ்சதும் நல்ல தண்ணியில் அலசி நிழலில் காய வையுங்க. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் சாது. மே மாசத்தில் பருவமழை முதலில் தட்டுறதே அந்தமான் கதவைத்தான். கோடை லீவில் டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி யோசிங்க.

கடைசியா ஒரு கண்டிப்பான ரூல். நிறைய டைவ் பண்ணின பிறகு குறைஞ்சது 18 மணி நேரம் ஃப்ளைட் ஏறக் கூடாது. ரத்தத்தில் கரைஞ்ச நைட்ரஜன் வெளியேறணும். ஸோ, கடைசி நாள் ஃபின்னுக்கு லீவு. அன்னிக்கு ராதாநகர் பீச்சுக்குப் போய் மணலில் உட்காருங்க. மரம் இழுக்கிற வேலைக்காக அந்தமானுக்கு வந்த ராஜன்ங்கிற யானை, இந்தத் தீவுக் கடலில்தான் நீந்திக்கிட்டு இருந்துச்சு. 2016-ல் இறந்துபோச்சு. டன் கணக்கில் உடம்பு, ஆனா தண்ணிக்குள்ள அது பஞ்சு மாதிரி மிதக்கிறதைப் போட்டோவில் பார்த்தா அசந்துபோவீங்க. கரையில் எவ்வளவு எடைங்கிறது வேற, கடலில் எவ்வளவு எடைங்கிறது வேற. கடையில் ஃபின்னைக் கையில் தூக்கிப் பார்க்கும்போது அந்த யானையை ஒரு நிமிஷம் நினைச்சுக்குங்க!