படத்தின் கீழ் இரண்டு வரி

சென்ற ஆண்டு பாரிஸ் புறநகர் மண்டபமொன்றில் எமது கறுப்பு வெள்ளை நிழற்படங்கள் 12ஐக் காட்சிக்கும் விற்பனைக்கும் வைத்தோம். சட்டமிடும் வேலை ஒரு மாலையில் முடிந்தது. அடியில் ஒட்டும் விபர அட்டைகளை எழுதவோ மூன்று இரவுகள் சென்றன.

இருட்டறையில், வெள்ளியுப்புப் பூசிய தாளில் எழுந்த படங்களல்ல இவை. கணினியிலிருந்து பருத்தித் தாளில் மை தெளித்து அச்சிட்டவை. ‘ஜிக்ளே’ என எழுதுமாறு நண்பரொருவர் கூறினார். மைத்தெளிப்பு அச்சுக்கு 1991இல் அமெரிக்க அச்சுக்கலைஞர் ஜாக் டுகன் இட்ட பெயர் அது. பீய்ச்சுதலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லில் பிறந்தது. அச்சொல்லுக்குப் பிரெஞ்சுப் பேச்சுவழக்கில் வேறு பொருளும் உண்டு என்பதை இங்குள்ள வாசகர் அறிவர்! ‘நிறமி மை அச்சு, பருத்தித் தாள்’ என்றே எழுதினோம்.

பிரதிகளின் தொகையில் சிக்கலில்லை. கலைஞரின் கையொப்பமும் இலக்கமும் கொண்ட 30 பிரதிகள் வரையே, அளவு எதுவாயினும், பிரெஞ்சு வரிச்சட்டம் கலைப்படைப்பாக ஏற்கிறது. நாம் 10உடன் நிறுத்தினோம்.

எம்மை இடறியது ஒரு படம். 1984இல் நல்லூரில் எடுத்தது. படச்சுருள் 1995 இடப்பெயர்வில் தொலைந்தது. எஞ்சியிருந்த அஞ்சலட்டையளவுப் பிரதியை ஸ்கான் செய்தே பெரிதாக அச்சிட்டோம். 1984 என்று மட்டும் எழுதினால் வாங்குபவர் அக்காலத்துப் பிரதியென்றே எண்ணுவார். கூடிய விலையும் தருவார். ‘எடுத்தது 1984. அச்சு 2024, பழைய பிரதியிலிருந்து’ என்று எழுதி ஒட்டினோம்.

மூதாட்டியொருவர் அதனை இருமுறை வாசித்தார்.

“அந்தப் பழைய படத்தை விக்கமாட்டியளோ, தம்பி?”

இல்லையென்றோம். அச்சை அவர் வாங்கவில்லை. நெடுநேரம் அதன் முன் நின்றுவிட்டுச் சென்றார்.